தரங்கம்பாடியில் ஒரு மிதிவண்டிப் பயணம்: திட்டமும் சில எண்ணங்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிய உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவை மண்டபத்தில் கூடிக் கொண்டாடுவதோடு நிறுத்திவிடாமல், வரும் தை மாதத்தில் ஒரு நாள் தரங்கம்பாடி சென்று, மிதிவண்டியில் அவ்வூரைச் சுற்றி வருவதென முடிவு செய்திருக்கிறோம். அதற்குரிய திட்டத்தை வகுத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டுள்ளது. எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே உண்பது என்பவற்றை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால், கவிஞர்கள் ஒரு கூட்டமாக ஓர் ஊருக்குச் செல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாம் அந்த ஊரைப் பார்க்கப் போகிறோமா, அல்லது மனத்துள் முன்பே எழுதி முடித்துவிட்ட கவிதையைச் சரிபார்த்து வரப் போகிறோமா? என் திட்டம் முழுவதும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்பது அலைகள் பாடும் ஊர். நம்மில் பலர் இதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டு தரும் பழைய பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. பாடி என்பது இங்கே பாடுவதன்று. மக்கள் வாழும் குடியிருப்பு. வாய்மொழியில் திரிந்து, தேனியர் வாயில் திராங்கேபார் என்றும் ஆங்கிலேயர் வாயில் டிராங்குபார் என்றும் மாறி, மீண்டும் நம்மிடம் வந்து அலையாகிப் பாடத் தொடங்கிவிட்டது. அலை பாடுகிறது என்று எழுதுவது குற்றமில்லை. ஆனால் அந்த அழகான பெயரோடு நிறைவடைந்துவிட்டால், குடியிருப்பைப் பார்க்காமலே திரும்பிவிடுவோம் என்பதே என் அச்சம்.

இதற்கு மிதிவண்டி எதற்கு என்று கேட்கலாம். வேனில் சென்றால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாமே என்று செயற்குழுவில் ஒரு நண்பர் கேட்டார். வேன் கோட்டை வாசலில் நிற்கும். பிறகு தேவாலய வாசலில் நிற்கும். இடையில் உள்ளது சன்னலில் ஓடி மறையும். நடந்தே பார்ப்பதானால் மதிலுக்குள் இருந்த பழைய நகரத்தோடு நின்றுவிடுவோம். அந்த நகரம் அவ்வளவு சிறியது. ஊரின் கதையோ மதிலுக்கு வெளியே பொறையாருக்கும் தில்லையாடிக்கும் நீள்கிறது. நினைத்த இடத்தில் கால் ஊன்றி நிற்கவும், நிற்கும்போது எதிரே வருபவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் இடம் தரும் வாகனம் மிதிவண்டி ஒன்றுதான். மொத்தப் பாதை 15 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

இனி காலமும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் வெயில். தை மாதமே ஏற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடப்பில் இருக்கும். தையில் அந்தத் தடை இல்லை. கடற்கரை தன் இயல்பான வேலையோடு இருக்கும். விடியற்காலையில் காற்று மெல்லியதாக இருக்கும்; பொழுது ஏற ஏறக் கடலிலிருந்து வலுத்து வீசும். ஆகவே மேற்கே உள்ளூர்ப்புறங்களுக்குச் செல்வதைக் காலையில் முடித்து, 11 மணிக்குள் கடற்கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கடலோர மக்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாடையைப் பிரிவுத் துயரின் காற்றாக மட்டுமே நாம் ஏட்டில் அறிந்திருக்கிறோம். படகு இறக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் காற்றாக அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். எதிர்க்காற்றில் ஒரு மைல் மிதித்த பிறகு அவர்களிடம் அந்தப் பெயர்களைக் கேட்டால், அவை வேறு சொற்களாக ஒலிக்கும்.

பாதை இது. காலை 6 மணிக்குக் கடற்கரையில் கூடுகிறோம். முதல் இடம் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முற்பகுதி கடலரிப்புக்கு இரையாகிவிட்டது. அடுத்து, தேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதியனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஓலை தந்த உரிமையில் தேனியர் இங்கே 225 ஆண்டுகள் இருந்தனர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். ஒரு குடியிருப்பு விலைப்பத்திரத்தில் கைமாறிய கதையும் அந்தக் கோட்டைச் சுவரில் இருக்கிறது. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உண்டு. அதை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோட்டையிலிருந்து ராஜ வீதி வழியே மேற்கே செல்கிறோம். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் அங்கே உள்ளன. பின்னதில்தான் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலையில் வந்து இறங்கியவர், 1719இல் மறைந்தார். பதின்மூன்றே ஆண்டுகள். தமிழின் முதல் அச்சு நூல் இங்கே அச்சானது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது சரியன்று. தம்பிரான் வணக்கம் 1578லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. இங்கே அச்சு ஒரு முயற்சியாக நின்றுவிடாமல் ஒரு தொழிலாக வேரூன்றியது. புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1715இல் இங்கே அச்சாகி முடிந்தது.

1792இல் கட்டிய நகரவாயிலைக் கடந்தால் மதிலுக்கு வெளியே வந்துவிடுகிறோம். சுற்றுலா வருவோரில் பெரும்பாலோர் இங்கே திரும்பிவிடுவர். நாம் இங்கிருந்துதான் தொடங்குகிறோம். பொறையாரில் கடுதாசிப் பட்டறை என்று ஓர் இடப்பெயர் உண்டு. அச்சுக்குத் தாள் போதாமல், இங்கேயே காகிதம் செய்ய முயன்ற பட்டறையின் நினைவு அது. ஐரோப்பாவிலிருந்து வந்த எழுத்துருக்கள் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பத்தாண்டுகளாகத் தாள் விலைக்கும் அச்சகக் கடனுக்கும் இடையே சிற்றிதழ் நடத்திய நமக்கு இது அந்நியமான கதையா? காகிதம் செய்தவர், ஈயம் உருக்கியவர், எழுத்துக் கோத்தவர் ஆகியோர் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. பட்டறை என்ற சொல் மட்டும் நிற்கிறது. அந்த இடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்து தில்லையாடி. வள்ளியம்மை பிறந்ததும் 1914இல் பதினாறு வயதில் இறந்ததும் தென்னாப்பிரிக்காவில். ஆயினும் அவருடைய பெயரோடு என்றும் நிற்பது இந்தச் சிற்றூர். இங்கிருந்து கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளை அவர். 1915இல் காந்தியடிகள் இந்தத் தெருவுக்கு வந்தது அந்தக் குடும்பங்களைத் தேடித்தான். கடல் வழியாக வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கடல் வழியாகப் போனவர்களையும் நினைக்க இந்த நிறுத்தம்.

தில்லையாடியிலிருந்து திரும்பி, அருங்காட்சியகம் பார்த்து, உண்டு, இளைப்பாறிய பின் மாலை 4 மணிக்கு மீனவர் குடியிருப்பு. இங்கேதான் உங்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த ஊரில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. கடற்கரையில் ஓர் இரங்கற் கவியரங்கம் நடத்தலாம் என்றொரு யோசனை செயற்குழுவில் வந்தது. சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் உடன்படவில்லை. பிள்ளையை இழந்த தாய் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவள் காதுபட அந்த இழப்பைப் பற்றி நாம் உவமை தேடுவது முறையாகாது. அன்று நடந்ததைச் சொல்லுங்கள் என்று யாரையும் கேட்கவும் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்போம். வலையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, காற்றைப் பற்றிக் கேட்போம். ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே சென்று அனுமதி பெற்றுவர இரு உறுப்பினர்களை அனுப்ப வேண்டும். குடியிருப்புக்குள் மிதிவண்டியில் ஏறிச் செல்லாமல் தள்ளிக்கொண்டே செல்வோம்.

நடைமுறைக் குறிப்புகள் சில. வாடகை மிதிவண்டிக் கடைகள் முன்போல் இல்லை. ஆகவே உறுப்பினர்களின் வண்டிகளை முதல் நாளே ஒரு சிறு சரக்கு வண்டியில் அனுப்பிவிடுவோம். மயிலாடுதுறையிலிருந்து 1926இல் ஓடத் தொடங்கிய ரயில் 1986இல் நின்றுவிட்டதால் நாம் பேருந்தில்தான் செல்ல வேண்டும். பிரேக், செயின், காற்று மூன்றையும் முதல் நாளே பாருங்கள். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் குழுவுக்கு ஒன்று. ஐந்து பேருக்கு ஒரு குழு. மெதுவாக ஓட்டுபவரே குழுவின் முன்னே செல்ல வேண்டும். வேகம் உள்ளவர்கள் பின்னே. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்; அங்கே கவிதைக்கு இடமில்லை. கடற்கரை மணலில் வண்டியை இறக்க வேண்டாம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இடாவிட்டால், உப்புக் காற்றில் செயின் துருவேறிவிடும்.

மிதிக்க இயலாத மூத்தவர்களுக்கு ஓர் ஆட்டோ உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர்கள் நம்மோடு இருப்பார்கள். பெண் உறுப்பினர்கள் தயங்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தையும் மிதிவண்டியையும் ஒருசேரக் கற்றார்கள். அந்த மரபு நமக்குப் பின்னால் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அன்று மாலை கவியரங்கம் உண்டா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சொன்னாலும் நீங்கள் விடப் போவதில்லை. ஆனால் முன்பே எழுதிய கவிதை எதுவும் சட்டைப்பையில் வர வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்த ஊரில் அன்று காதில் விழுந்த ஒரு புதிய சொல்லை ஒவ்வொருவரும் கொண்டு வாருங்கள். யாரிடமிருந்து கேட்டது, எதைக் குறிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருபது பேர் போனால் இருபது சொற்கள். அவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம். கவிதைகள் பிறகு வரட்டும்.

வர விரும்புவோர் இன்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். சொந்த மிதிவண்டி உண்டா இல்லையா என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.