பிள்ளைக்கு ஊசி வேண்டாமென்னும் பெற்றோர்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



ஒரு குடியானவரிடம், அவருடைய உழவு மாட்டுக்குக் கோமாரி வராதிருக்க ஊசி போடவேண்டுமென்று கால்நடை வைத்தியர் சொன்னால், அவர் விடியற்காலையிலேயே மாட்டை ஓட்டிக்கொண்டுபோய்க் காத்து நிற்கிறார். அதே குடியானவர் வீட்டுக்குக் கிராம சுகாதார நர்ஸ் வந்து, "பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது; தட்டம்மை ஊசி போடவேண்டும்" என்று சொன்னால், "பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. மாட்டின்மேல் உள்ள பிரியம் பிள்ளையின்மேல் இல்லையென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிரியம் அதிகமாயிருப்பதால்தான் பயமும் அதிகமாயிருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதற்குத் தக்க பதில் யாது, அதில் சங்கத்தின் கடமை என்ன என்பதே இன்றைய விஷயம்.

இந்தப் பயம் புதிதன்று. முற்காலத்தில் வைசூரி என்னும் பெரியம்மை கண்டவர்களில் 100-க்குச் சுமார் 30 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் கண்ணிழந்தவர்களும் உண்டு. 1796-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர், மாட்டம்மையின் பாலைக் கையில் கீறி வைத்தால் பெரியம்மை அணுகுவதில்லையென்று காட்டினார். 1802-ல் அந்தப் பால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பெற்றோர் பலர் இணங்கவில்லை. அம்மை என்பது மாரியம்மனின் வருகை, அதைத் தடுப்பது அபசாரம் என்று எண்ணினார்கள். வேறொரு காரணமும் இருந்தது. அக்காலத்தில் ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்த பிள்ளைக்கு வைத்தார்கள். அதனால் வேறு நோய் தொற்றவும் இடமிருந்தது. ஆகையால் அப்பெற்றோரின் மறுப்பு முழுவதையும் மூடத்தனமென்று தள்ளிவிடுவது நியாயமன்று. கன்றுக்குட்டியிலிருந்து பால் எடுக்கும் முறை பரவிய பின்னரே இக்குறை நீங்கிற்று.

அந்நாளில் சென்னையில் கலெக்டராயிருந்து 1819-ல் காலமான எல்லீஸ் துரை, ஜனங்களை மிரட்டுவதால் பயனில்லையென்று கண்டு, அம்மைப்பாலின் நன்மையைச் சக்திக்கும் தன்வந்தரிக்கும் நடந்த சம்பாஷணையாகத் தமிழில் எழுதினார். ஜனங்களுக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாலன்றி அவர்கள் மனத்தில் படாது என்பதை அவர் அறிந்திருந்தார். இவ்வாறு பல தலைமுறைகள் உழைத்ததன் பலனாக, 1975-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-ல் உலகத்திலேயே அந்நோய் இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. மாரியம்மன் கோயில்களும் குறையவில்லை, ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவதும் நிற்கவில்லை. நோய் மாத்திரம் போய்விட்டது.

ஆயினும் பயம் போகவில்லை. 2017-ம் வருஷம் பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களையும் தடுக்கும் ஊசி போடத் தொடங்கியபோது, அந்த ஊசி ஆபத்தானதென்று கைப்பேசிகளில் வாட்ஸ்அப் மூலம் வதந்தி பரவிற்று. அதை நம்பிப் பெற்றோர் பலர் சம்மதம் கொடுக்க மறுத்தனர். ஊசி போடுவதற்கென்று குறித்திருந்த காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. எழுதினவர் யாரென்று தெரியாத ஒரு கடிதத்தை நம்பிச் சங்கத்தில் எவரும் 100 ரூபாய் கடன் கொடுக்கமாட்டார்கள். பிள்ளையின் உயிர் சம்பந்தமான விஷயத்தில் அதே நிதானம் வேண்டாமா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு உள்ளது உள்ளபடி பதில் சொல்லவேண்டும். ஊசியால் ஒரு துன்பமும் வராதென்று சொல்வது தவறு. ஊசி போட்ட இடம் நோகலாம். ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இலேசான தடிப்பும் வந்து தாமே தணியலாம். கடுமையான ஒவ்வாமை மிகமிக அரிது. அது வந்தால் கவனிப்பதற்காகவே அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். சாதாரணச் சளி தடையன்று. கடும் காய்ச்சலோ, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ, முந்தின ஊசியில் கடும் ஒவ்வாமையோ இருந்தால் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது மற்றொரு பயம். 1998-ல் லண்டனில் வெளியான ஒரு கட்டுரையால் இது எழுந்தது. அக்கட்டுரை 12 பிள்ளைகளை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டது. 2010-ல் அதை வெளியிட்ட பத்திரிகையே வாபஸ் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,50,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசிக்கும் அந்நோய்க்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று ஏற்பட்டது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தட்டம்மை ஒருவருக்குக் கண்டால், தடுப்புச் சக்தியில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. அதையொட்டி வரும் கபவாத ஜுரமும் வயிற்றுப்போக்கும் சிறு பிள்ளைகளைக் கொல்லுகின்றன. 2023-ல் உலகத்தில் சுமார் 1,07,500 பேர் இதனால் இறந்ததாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். ரூபெல்லாவோ சிறுவர்க்கு இலேசாக வந்து போகும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் தாய்க்குத் தொற்றினால், பிறக்கும் சிசு கண்ணும் செவியும் கெட்டு, இருதயக் குறையோடு பிறக்கக்கூடும்.

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 1904-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட கிராம நாணயச் சங்கங்களில் அளவற்ற பொறுப்பு என்பது விதியாயிருந்தது. ஒருவர் கடனைச் செலுத்தாவிட்டால் அந்தப் பாரம் ஊரார் எல்லார்மேலும் விழுந்தது. தொற்றுநோயும் அப்படிப்பட்டதே. ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு வழக்கமாக இந்த ஊசி போடுவதில்லை, கர்ப்பிணிக்கும் போடலாகாது. அவர்களுக்குள்ள காவல், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டிருப்பதேயாகும். ஊரில் 100-க்கு 95 பேருக்குத் தடுப்புச் சக்தி இருந்தால்தான் தட்டம்மை பரவாமல் நிற்கும். ஆகவே ஒரு வீட்டார் "எங்கள் பிள்ளை, எங்கள் இஷ்டம்" என்று மறுக்கும்போது, அதன் பலனை அனுபவிப்பது எதிர்வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் ஆறுமாதக் குழந்தையாக இருக்கலாம். அந்தக் குழந்தையை யாரும் கேட்கவில்லை. ஊசி மறுக்கப்பட்ட பிள்ளையையும் யாரும் கேட்கவில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியவை வருமாறு:

1. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஜாபிதா ஒன்றைப் பஞ்சாயத்தார் சுகாதார நர்ஸிடம் கேட்டறிந்து, 9 மாதம் நிறைந்ததும் முதல் தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணையும் ஆயிற்றா என்று விசாரிக்கலாம். முதல் தவணையால் 100-க்குச் சுமார் 85 பிள்ளைகளுக்கே சக்தி உண்டாவதால், இரண்டாவதை விடலாகாது.

2. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைகளில் ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. ஆனால் கூலிவேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் கூலி நஷ்டமாகிறது. பயத்தினால் மறுப்பதாகத் தோன்றுவது பல சமயங்களில் வண்டிச் சத்தத்துக்கு வழியில்லாமையே. உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து உதவலாம்.

3. மறுக்கும் வீட்டுக்கு உத்தியோகஸ்தர் போவதைக்காட்டிலும், தன் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்ட அடுத்த தெருத் தாய் போய்ப் பேசுவது மேல்.

4. ஊசி போடாதவருக்குக் கடன் இல்லையென்று மிரட்டவே கூடாது. மிரட்டினால் பிள்ளையை ஒளிப்பார்களேயன்றிக் கொண்டுவரமாட்டார்கள்.

5. ஊசியைப் பற்றி ஏதேனும் செய்தி கைப்பேசியில் வந்தால், அதைப் பிறருக்கு அனுப்புமுன் டாக்டரிடம் காட்டி விசாரிக்கவேண்டும்.

பெரியம்மையை ஒழித்தது சட்டம் மாத்திரமன்று. பயந்த தாய்மார் ஒவ்வொருவராக மனம் மாறிப் பிள்ளையின் கையை நீட்டியதும்தான். அடுத்த புதன்கிழமை இந்த ஊரில் எந்தெந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் வரவில்லை என்பதைச் சங்கத்தார் அறிந்து, அந்த வீடுகளுக்குச் சென்று, முதலில் அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார்களாக. கேட்ட பிறகு சொல்லும் வார்த்தைக்குத்தான் மதிப்பு உண்டு.