இசைத்தட்டும் இசைநூலும்: மதிப்புரையின் மொழி



ஒரு பாட்டைக் கேட்டு ‘அருமை’ என்று எழுதுவது பாராட்டு, மதிப்புரை ஆகாது. அச்சொல் கேட்டவரின் மகிழ்ச்சியைச் சொல்கிறது. பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசை விமரிசனம் எழுதிய கல்கி, இப்பணிக்கு எளிய தமிழே போதும் எனக் காட்டினார்.

முதற்கண், பதிவின் எல்லையை அறிதல் வேண்டும். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். அதில் விரிந்த ஆலாபனை இல்லையெனப் பாடகரைக் குறைகூறல் முறையன்று. அச்சுருக்கத்துள் இராகத்தின் வடிவம் தெரிகிறதா, சொற்கள் சிதையாமல் ஒலிக்கின்றனவா என்பனவே உரிய வினாக்கள்.

நூலுக்கும் இதுவே நெறி. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) ஒரு ஸ்தாயியில் 24 சுருதிகள் என நிறுவ முனைந்தது. விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ (1947) 22 அலகுகள் என்னும் கணக்கை மேற்கொண்டது. இருவரும் சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தவர்களே. அவர்கள்மீது நாம் கொண்ட மதிப்பு இவ்வேறுபாட்டைத் தீர்த்துவிடாது. சான்றான அடி எது, அதற்குக் கொண்ட பொருள் எது, நரம்பில் மீட்டினால் செவி ஒப்புகிறதா என மூன்றையும் வினவுதல் வேண்டும்.

மாணவர்களே, குரல் முதல் தாரம் வரை ஏழிசைக்கும் பெயரிட்ட மொழி நம்முடையது. அப்பெயர்கள் தேர்வுத்தாளில் மட்டும் வாழ்ந்தால் போதாது. இவ்வாரம் ஒரு பாட்டை இருமுறை கேளுங்கள். ‘அருமை’யை விலக்கி ஐந்து வரி எழுதுங்கள். ஆசிரியர்களே, அவ்வரிகளில் முடிவைவிடச் சான்றுக்கே மதிப்பெண் அளியுங்கள்.