மழைக்காலத்தில் உளியும் கூலியும்

(ஆயர் ஈத்தாமில் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மழையைப் பற்றிப் பேசுவதற்கு ஆயர் ஈத்தாமைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. இவ்வூரின் பெயருக்கே கறுப்புத் தண்ணீர் என்றுதான் பொருள். பினாங்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் இந்த அடிவாரம் நனையாமல் தப்பாது. 1962-ல் கட்டி முடித்த அணை நமக்கு மேலே நிற்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் இத்தீவிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் புகுந்ததை இங்கே உள்ளவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தீவில் இன்று பால்மரம் அருகிப்போய்விட்டது. ஆகவே செபராங் பிறையிலிருந்தும் கெடாவிலிருந்தும் கடல் கடந்து வந்திருக்கும் உங்களை மனத்தில் வைத்தே பேசுகிறோம்.

மழை பெய்தால் தச்சருக்கும் கொத்தனாருக்கும்கூட வேலை கெடுகிறது. ஆனால் அவர்கள் மழை விட்டதும் மத்தியானத்தில் வேலையைத் தொடங்கலாம். நமக்கு அப்படி இல்லை. இரவெல்லாம் நீரை உறிஞ்சி விறைத்து நிற்கும் மரம் விடியற்காலையில்தான் தாராளமாகப் பால் விடும். வெயில் ஏற ஏறப் பாலின் ஓட்டம் தளர்ந்துவிடும். விடியலில் பட்டை நனைந்திருந்தாலோ, பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழிந்து மண்ணில் போகும். வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் பாலும் தண்ணீரும் கலந்து நிற்கும். அப்படிக் கொண்டுபோகும் வாளி நிறுவைக்கு என்ன காட்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் உளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். தோட்டம் கொடுத்த உளியோ, சொந்தக் காசில் வாங்கிய உளியோ, மழைக்காலத்தில் அதைக் கெடுப்பது துரு. பால் பட்ட உளியை ஈரத்தோடு வாளிக்குள் போட்டு வைத்தால் மறுநாள் வாயில் செம்புள்ளி விழுந்திருக்கும். புள்ளியைத் தேய்த்து எடுக்கும்போது கூர்மையும் கொஞ்சம் போகிறது. மொட்டை உளி பட்டையைச் சீவாது, பிய்க்கும். நல்ல வெட்டு என்பது, மரத்தை வளர்க்கும் மெல்லிய தோலைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு நிற்பது. மொட்டை உளியைப் பிடித்த கை அந்த அளவைக் காக்க முடியாது. காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த முண்டின் மேல் பின்னொரு காலத்தில் வெட்ட வேண்டியவரும் நம்மில் ஒருவர்தான்.

ஆகையால் வேலைக்காடு விட்டு வந்ததும், சோற்றுக்கு உட்காருவதற்கு முன்பே, உளியைக் கழுவுங்கள். ஒட்டிய பாலை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவி, வாயைத் துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். ஈரம் போகட்டும் என்று சிலர் அடுப்புக்குப் பக்கத்தில் செருகி வைக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். சூடு ஏறினால் இரும்பின் பதம் போய்விடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தீட்டுகல்லையும் மழையில் போட்டு வைக்காதீர்கள். மண் ஏறிய கல் உளியின் வாயைப் பல்பல்லாக்கிவிடும். நெற்றி விளக்கின் பாட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். அதோடு, வெட்டு இல்லாத நாட்களில் மங்கைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் மங்கில் தேங்கும் மழைநீரில் டெங்கி பரப்பும் கொசு முட்டையிடுகிறது. அந்தக் கொசு கிராணி வீடு, லயம் என்று பார்த்துக் கடிப்பதில்லை.

உளியைக் காப்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் உளி எவ்வளவு கூராக இருந்தாலும் நனைந்த மரத்தில் பயனில்லை. மரத்துக்கும் குடை வேண்டும்.

வெட்டுக்கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் கட்டி, மேல் ஓரத்தைத் தார்ப்பசையால் ஒட்டிவிடுவதற்குத்தான் மழைக்காப்பு என்று பெயர். மரத்தண்டில் இறங்கும் தண்ணீர் கோட்டுக்கு வராமல் விலகிப் போகிறது. இது புது வித்தையல்ல. கேரளத்திலும், நம் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும், ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பே இதைக் கட்டிவிட்டு மழைக்காலத்திலும் பால் வெட்டுகிறார்கள். நம் நாட்டில் 1925-லேயே ரப்பருக்கென்று ஆராய்ச்சிக் கழகம் கண்டோம். அப்படியிருந்தும் இங்கே பல இடங்களில் மழைக்காப்பைக் கேட்டால் செலவு என்கிறார்கள். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஈரப்பட்டையில் வெட்டினால் கருங்கோட்டு நோய் வரும், வெட்டும் பகுதியே அழுகும். அந்தச் செலவையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நனைந்த பட்டையில் பசை ஒட்டாது. கெடாவிலும் பினாங்கிலும் செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கிறது. காப்பு அதற்கு முன்பே ஏறியாக வேண்டும். அக்டோபரில் மனுக் கொடுத்துப் பயனில்லை.

காப்பும் தாங்காத மழை வருகிற நாளில் என்ன செய்வது? இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். மழை வானத்திலிருந்து வருகிறது, அதற்கு யாரைக் கேட்பது என்று லயத்தில் படுத்துவிடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தில் நாட்கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் அவரால் செய்யக்கூடிய வேலையை முதலாளி கொடுத்தாக வேண்டும். தொழிலாளி செய்ய விரும்பியும் வேலை கொடுக்க முடியாமற் போனால், 24-க்குக் குறைகிற நாட்களுக்கும் அதே விகிதத்தில் கூலி தர வேண்டும். வெட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. மங்கு கழுவலாம், கான் வெட்டலாம், புல் அடிக்கலாம். இடி மின்னல் இருந்தால் மட்டும் எந்த வேலைக்கும் மரத்தடிக்குப் போகாதீர்கள். ஒரு நாள் கூலியைவிட உயிர் பெரிது.

“செய்ய விரும்பியும்” என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பெரட்டுக்கு வராமல் வீட்டில் இருந்தவரின் விருப்பத்தை யார் அறிவார்? மழை கொட்டினாலும் குடை பிடித்துக்கொண்டு பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஐந்து நிமிடம் ஒரு நாள் கூலிக்குச் சமம். எடைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு இந்த நாட்கணக்கு அப்படியே பொருந்தாமற் போகலாம். அவர்களுக்குக் குறைந்தபட்ச சம்பள ஆணை இருக்கிறது. 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல். எடைக் கூலிக்காரரின் மாத வருமானமும் அதற்குக் குறையக் கூடாது.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேனாவும் கருவிதான். செக்ரோலில் ஒரு தொழிலாளி வராத நாளும், வந்து மழையால் திரும்பிய நாளும் ஒரே குறியாக விழுந்தால், பிறகு எந்த அதிகாரி முன்னாலும் அவருக்காக வாதாட முடியாது. இரண்டையும் வெவ்வேறாக எழுதுங்கள். ஒரு டிவிஷனில் பெய்த மழை மறு டிவிஷனில் பெய்திருக்காது. ஆகவே டிவிஷன் வாரியாக எழுதுங்கள். ஆபீசில் மழைமானி இருந்தால் அதன் அளவையும் அந்தத் தேதிக்கு நேரே போட்டு வையுங்கள். கிராணி யார் பக்கம் என்று சில வேளைகளில் லயத்தில் கேட்பதுண்டு. உண்மையை எழுதினால் போதும் என்பதே எங்கள் பதில்.

இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொரு தோட்டத்துத் தலைவரும் ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுகிறோம். அதில் மூன்று விவரம் போதும்: உங்கள் தோட்டத்தில் மழைக்காப்பு உண்டா, சென்ற மழைக்காலத்தில் மாதம் எத்தனை நாள் வெட்டு நடந்தது, வெட்டு இல்லாத நாட்களுக்குக் கூலியோ மாற்று வேலையோ கிடைத்ததா. எழுதத் தெரியாதவர்களுக்கு வாசலில் மேசை போட்டு நம் தோழர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.