தெருவுக்கு வந்த அறிவியல் கூடம்

ஓர் அருங்காட்சியகம் இடம் மாறுகிறது என்றால் கதவைப் பூட்டுவார்கள், அறிவிப்புப் பலகை தொங்கும், பெட்டிகள் லாரியில் ஏறும், பிறகு ஒருநாள் ரிப்பன் வெட்டித் திறப்பார்கள். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்து எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடம் 2013-இல் வேறு வழியில் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மண்டபத்தை அந்த ஆண்டின் தொடக்கத்தில் மூடியது. கடலோரத்தில் 15-ஆம் எண் படகுத்துறையில் புதிய கூடம் ஏப்ரல் 17-ஆம் தேதி திறந்தது. நடுவிலிருந்த மாதங்களில் அது ஊருக்குள் இறங்கி, ‘ஆன் தி மூவ்’ என்ற பெயரில் வெவ்வேறு பகுதிகளில் கட்டணமில்லாத தெருவிழாக்களை நடத்தியது. வீடு மாறும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விருந்து வைப்பது போன்ற உபசாரம் மட்டும்தானா இது? இல்லை என்பதே என் கருத்து. கூடம் தன்னைப் பற்றி எதைச் சொல்லி வந்ததோ, அது உண்மைதானா என்பதைத் தெருவில்தான் சோதித்துப் பார்க்க முடியும்.

அது சொல்லி வந்தது என்ன என்பதற்கு நிறுவியவரின் வாழ்க்கையே விடை. ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை 1949-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டதும் மினசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்துப் பிழைத்தார். பிறகு பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே ஆய்வுக்கூடமாக அவருக்கு உதவியது ஊர்க் குப்பைமேடு. பழைய இயந்திர உறுப்புகளைப் பொறுக்கி வந்து பிள்ளைகளுக்கு இயற்பியலைக் காட்டினார். அந்த அனுபவத்தோடுதான் 1969-இல் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் தொடங்கினார். கருவிகள் செய்யும் பட்டறையை வருகிறவர்கள் கண்ணில் படும்படி மண்டபத்துக்குள்ளேயே வைத்தார். தொடாதே என்ற பலகைக்கு அங்கே இடமில்லை. பதின்வயது மாணவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி விளக்கம் சொல்ல வைத்தார். அறிவியல் எல்லோருடைய கைக்கும் எட்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படியென்றால் நுழைவாயிலைத் தேடி வராதவர்களின் கைக்கும் எட்டத்தானே வேண்டும்?

‘புதிய கட்டடத்துக்குக் கூட்டம் சேர்க்கச் செய்த விளம்பரம்தானே?’ என்று கேட்கலாம். விளம்பரமும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் விளம்பரம் மட்டுமென்றால் திறப்பு விழாவோடு வேலை முடிந்திருக்கும். அதற்கு முன்னும் ஒன்றும் இருந்திருக்காது. 1986-இலேயே கூடத்தைச் சேர்ந்த பீட்டர் ரிச்சர்ட்ஸ், கல்தச்சர் ஜார்ஜ் கொன்சாலஸ் என்ற இருவர், கடலுக்குள் நீளும் ஒரு கற்சுவரில் ‘அலை ஆர்கன்’ என்ற இசைக்கருவியை அமைத்தார்கள். நீர் ஏறி இறங்கும்போது அங்கே பதித்த குழாய்கள் முனகும். அதைக் கேட்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. 2009-இல் அதே நகரின் ஃபோர்ட் மேசன் கரையில் கூடத்தின் திறந்தவெளிக் காட்சிகள் வந்தன. அவற்றில் ஒன்றில் தொலைநோக்கி வழியாகக் கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்து வெப்பநிலையை அறியலாம்: வெயிலில் எஃகு வடங்கள் நீண்டு பாலத்தின் நடுப்பகுதி தாழும், குளிரில் உயரும். இதைக் கண்ணாடிப் பேழைக்குள் எப்படி வைப்பது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தெருவில் கிடைப்பது வேடிக்கை, கல்வி அல்ல. நின்று யோசிக்க அமைதி வேண்டும் என்பார்கள். இதற்குப் பதிலாக, இடம் மாறிய அதே 2013-இன் பிற்பகுதியில் நகரின் பரபரப்பான மார்க்கெட் தெரு நடைபாதையில் கூடம் நிறுத்திய இரண்டு பெரிய குழிந்த தட்டுகளைச் சொல்வேன். தள்ளித் தள்ளி நின்ற அவை ஒன்றையொன்று நோக்கியிருந்தன. ஒரு தட்டின் முன் ஒருவர் அமர்ந்து கிசுகிசுத்தால், அந்த ஒலி தட்டில் பட்டுச் சிதறாமல் இணையாகப் பயணம் செய்து, எதிர்த் தட்டில் மோதி அதன் குவியத்தில் சேரும். அங்கே அமர்ந்திருப்பவருக்குக் காதருகே பேசுவது போலக் கேட்கும். இடையில் நடந்து போகிறவருக்கோ எதுவும் புரியாது. இந்தச் சோதனைக்கு அமைதியான மண்டபத்தைவிட இரைச்சலான தெருவே பொருத்தம். பேருந்துச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் எப்படி வந்தது என்ற கேள்வி தெருவில்தான் கூர்மையாக எழும். முன்பின் அறியாத இருவர் சேர்ந்தே அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது கூடுதல் நன்மை.

எல்லாத் தெருக்காட்சியும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். புகையும் வெடியும் காட்டிக் கைத்தட்டல் வாங்கிவிட்டு விளக்காமல் போகும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. அவற்றால் எந்தப் பயனும் இல்லை. பார்க்கிறவர் தாமே மாற்றிப் பார்க்க ஏதாவது இருந்தால் கூடுதல் நேரம் நின்று கேள்வி கேட்கிறார் என்பதை இந்தக் கூடத்தின் ஆய்வாளர்களே சொந்தக் காட்சிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். தெருவிழாவையும் அந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

எனக்கு முழுப் பதில் கிடைக்காத ஆட்சேபம் கட்டணம் பற்றியது. ஓப்பன்ஹைமரின் தொடக்க ஆண்டுகளில் கூடத்துக்குள் போகக் காசு வேண்டாம். 2013-இல் புதிய கூடத்தில் பெரியவர் ஒருவருக்கு 20 டாலருக்கும் மேல். விழாவில் இலவசமாகப் பார்த்துவிட்டு மறுவாரம் குடும்பத்தோடு வந்த தொழிலாளி வாயிலிலேயே திரும்பினால், தெருவில் கொடுத்த வாக்கு என்னாவது? கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பது நியாயம். கட்டணமில்லா நாட்கள் சில இருந்தன என்பதும் உண்மை. அவை போதா. ஆகவே தெருவிழாவை இடமாற்றத்தோடு முடிந்த ஒரு நிகழ்ச்சியாக விடாமல், கூடத்தின் ஆண்டுச் செலவுக் கணக்கில் நிரந்தரமான ஒரு வரியாக எழுத வேண்டும் என்பதே என் வாதம். கருவியைப் பட்டறையில் செய்து முடித்ததும், மண்டபத்துக்குப் போகும் முன்பே, அது ஏதாவது ஒரு தெருமுனையில் சில நாட்கள் நிற்கட்டும். அங்கே யாரும் நின்று தொட்டுப் பார்க்கவில்லையென்றால் அது பட்டறைக்கே திரும்பட்டும்.