ஏட்டைக் காப்பவர் யார்?

கணினித் தரவுத்தளங்களைப் பேணும் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பெயர் புதிதெனினும் பொருள் பழையதே. நம் கீரிப்பாறைக்கு அண்மையிலுள்ள அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளில் நிலக் கணக்கோடு அடிமை ஆவணங்களும் உள்ளன. திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை ஒடுக்கப்பட்ட நம் முன்னோர் பலர் ஏட்டில் எழுதப்படும் பொருளாயிருந்தனர். எழுத்தாணியோ பிறர் கையிலிருந்தது.

இன்று சாதிச் சான்றிதழும், கல்வி உதவித்தொகையும், குடும்ப அட்டையும் கணினி ஏட்டில் உள்ளன. அவ்வேட்டைக் காப்பவரே தரவுத்தள நிர்வாகி.

அவருடைய அன்றாடக் கடமைகள் யாவை? முதலாவது, ஆள் மாறாட்டத்திற்கு இடமின்றி ஒவ்வொருவருக்கும் தனி எண் அமைதல் வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் சேர்க்கை எண் அத்தகையதே. செய்திகளை அட்டவணைகளாக்கி, இத்தகைய எண்களால் இணைக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தளித்தார்.

இரண்டாவது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று வரையறுத்தல். பதிவேட்டில் பிழையைச் சுரண்டி அழிப்பதில்லை. கோடிட்டு, மேலே திருத்தி, கையொப்பமிடுகிறோம். கணினியிலும் திருத்தியவர் யார், எப்போது என்ற தடம் நிற்றல் வேண்டும். ஒரு குழந்தையின் சாதி விவரம் தேவையற்றோர் கண்ணில் படலாகாது.

மூன்றாவது, நகலெடுத்தல். 2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் கைத்தவறுதலாக மூலத் தரவையே அழித்துவிட்டார். நகல் முறைகள் பல இருந்தும் அவை உரியவாறு இயங்காமை அன்றுதான் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆறு மணிநேரப் பதிவுகள் மீளவில்லை. நகல் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க இயலுமா என்று அவ்வப்போது சோதித்தல் வேண்டும்.

ஆயினும், எல்லாவற்றினும் கடினமானது பிழையான பதிவே. எந்திரம் பிழையையும் மெய்யெனக் காத்து வைக்கும். முன்னர் நான் பணியாற்றிய பள்ளியொன்றில், ஒரு மாணவியின் தலைப்பெழுத்தைக் கணினியில் தவறாகப் பதிந்துவிட்டேன். வங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு அது பொருந்தவில்லை, உதவித்தொகை நின்றது. ரப்பர்ப் பால் வெட்டும் அவள் தந்தையார் வேலையை விட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அந்நாட்களின் கூலியை அவருக்கு யார் தருவார்? ஓரெழுத்தின் விலையை அன்று உணர்ந்தேன். அன்றுமுதல் பெற்றோரிடம் படித்துக் காட்டாமல் எந்தப் பதிவையும் நான் முடிப்பதில்லை.

இளைஞர்களே! அவர் அலைச்சலை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருதல் வேண்டும். மைசீக்குவல், போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் சங்கத்தின் இருபத்தைந்தாண்டு உறுப்பினர் பதிவேட்டையும் கணக்கேடுகளையும் கணினியில் ஏற்றிப் பழகுங்கள். நகலொன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

ஏட்டில் எழுதப்பட்டோரின் வழிவந்த நாம், ஏட்டைக் காப்போராதல் வேண்டும். அதுவே இவ்வெள்ளிவிழாவுக்கு நாம் செய்யும் சிறப்பு என்று கூறி அமைகிறேன்.