இரண்டு சபாபதிகள்



பள்ளி ஆண்டு விழா நெருங்கினால், நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்னும் பூசல் எழுவது வழக்கம். எசமானர் வேடத்திற்குப் பலர் முந்துவர். வேலைக்காரன் வேடத்திற்கு ஆள் கிடைப்பதரிது. இதனை எண்ணும்போதெல்லாம் 1941-ஆம் ஆண்டு வெளிவந்த 'சபாபதி' திரைப்படம் என் நினைவுக்கு வரும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை நாடகத்தை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் படமாக்கினார். எசமானர் பெயரும் சபாபதி; வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமானராக நடித்த டி. ஆர். இராமச்சந்திரன் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். நம் பள்ளிபாளையத்தைக் கடந்து காவிரி பாயும் கரூர் வட்டாரத்தவர். அகன்று உருளும் விழிகளே அவருடைய பாதி நடிப்பு எனலாம்.

வேலைக்காரனாக வந்தவர் காளி என். இரத்தினம். வயதிலும் பயிற்சியிலும் மூத்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம். ஜி. ஆர். முதலிய சிறுவர்களுக்கு நடிப்புக் கற்பித்த வாத்தியார். அத்தகையவர் ஓர் இளைஞருக்கு முன் கைகட்டி நிற்கிறார்! சோடா உடைத்து வரச் சொன்னால் புட்டியையே உடைத்து வருகிறான் வேலைக்காரன். அசட்டுச் சிரிப்போடு செய்திருந்தால் அது வெறுங்கோமாளித்தனம். இரத்தினமோ, இட்ட பணியை வழுவாது முடித்த பெருமிதத்தோடு நிற்கிறார். நாம் சிரிப்பது அந்தப் பெருமிதத்தைக் கண்டுதான். அவருக்கு இணையாக வந்த சி. டி. ராஜகாந்தமும் சளைத்தவரல்லர்.

தமிழாசிரியராக வரும் கே. சாரங்கபாணி, மாணவனிடம் படும் பாட்டைக் கண்டு என் போன்றோர் சினங்கொள்ளலாம். நான் கொள்ளவில்லை. அவர் ஆசிரியராகவே மெய்யாக வருந்துகிறார்; அதனால் நகைப்புக்கு உரியவனாவது மாணவனே.