மூன்றாண்டுப் பள்ளி



நியூயார்க் நகரத்தில் இருந்த ஒரு பள்ளியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். டவுன்சென்ட் ஹாரிஸ் உயர்நிலைப் பள்ளி என்று பெயர். மாநகராட்சிப் பணத்தில் நடந்த இலவசப் பள்ளி. நுழைவுத் தேர்வு உண்டு. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பையன்கள் வந்து சேரலாம். 1942இல் அதை இழுத்து மூடினார்கள். தேர்ச்சி விகிதம் சரிந்ததாலோ பிள்ளைகள் வராமல் போனதாலோ அல்ல. சேர இடம் கேட்டு நின்றவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மூடினார்கள். அதனால்தான் இந்த மேடையில் அதைப் பேசத் தோன்றியது.

பள்ளிக்குப் பெயர் கொடுத்தவரிலிருந்து தொடங்குகிறேன். டவுன்சென்ட் ஹாரிஸ் 1804இல் பிறந்தவர். பதின்மூன்று வயதோடு படிப்பு நின்றுபோயிற்று. நியூயார்க்கில் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் பீங்கான் இறக்குமதி வியாபாரியானார். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியம் மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து தாமே படித்துக்கொண்டார். 1846இல் நகரக் கல்வி வாரியத்தின் தலைவரானபோது, உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்லூரி வேண்டும் என்று கிளம்பினார். வரி கட்டுகிறவர்களில் ஒரு சாராரும் சில பத்திரிகைகளும் எதிர்த்தன. பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும், உழைப்பு, ஒழுக்கம், அறிவு இவற்றைத் தவிர வேறு வேற்றுமை அங்கே வேண்டாம் என்பது அவர் வாதம். 1847இல் நகர மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். எதிர்ப்பு வாக்குகளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆதரவு விழுந்தது. இப்படிப் பிறந்த ‘ஃப்ரீ அகாடமி’ 1849இல் லெக்சிங்டன் அவென்யூவும் 23ஆம் தெருவும் கூடும் இடத்தில் திறக்கப்பட்டது. பிறகு அதுவே சிட்டி காலேஜ் ஆயிற்று.

ஹாரிஸ் அங்கே தங்கவில்லை. 1856இல் ஜப்பானுக்கு முதல் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாகப் போனார். 1858இல் ஜப்பானோடு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டவர் அவர்தான். ஹாலிவுட்டில் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார்கள், ஜான் வெய்ன் அவராக நடித்தார். பீங்கான் வியாபாரிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது. ஆனால் படத்தில் கல்லூரிக்கு வேலை இல்லை.

இலவசக் கல்லூரி வந்துவிட்டது. படிக்க வரும் பையனுக்கு அடிப்படை போதவில்லை. அன்று நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளி என்பதே அரிது. ஆகவே கல்லூரி தனக்குள்ளேயே ஒரு ஆயத்த வகுப்பை வைத்துக்கொண்டது. நம்மூரில் கல்லூரி வளாகத்திலேயே புகுமுக வகுப்பான பி.யு.சி. நடந்ததை இங்குள்ள மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரி. நாளடைவில் அந்த வகுப்பு நீண்டு, கனத்து, ஒரு முழுப் பள்ளியாகவே ஆயிற்று. 1900களின் தொடக்கத்தில் சிட்டி காலேஜ் மன்ஹாட்டனின் வடக்கே மேட்டு நிலத்துக்குக் குடிபோனபோது, ஜார்ஜ் போஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் கருங்கல் நிறச் சுவரும் வெள்ளைச் சுடுமண் அலங்காரமுமாக அங்கே கோதிக் பாணிக் கட்டடங்களை எழுப்பினார். அவற்றில் ஒன்று டவுன்சென்ட் ஹாரிஸ் ஹால். பள்ளி அதில் உட்கார்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மற்றப் பள்ளிகளில் நான்காண்டில் முடிக்கும் படிப்பை இங்கே மூன்றாண்டில் முடித்தாக வேண்டும். முடித்தவனுக்குச் சிட்டி காலேஜில் இடம் உறுதி. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. பாடம் நடத்தியவர்களில் பலர் அந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். ஏற்பாடு இவ்வளவுதான்.

இப்படி மிச்சமான ஓராண்டுக்கு என்ன மதிப்பு என்று பார்க்க வேண்டும். ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கப்பலேறி வந்த யூதக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் பிள்ளைகளை இங்கே அனுப்பின. அப்பா துணி தைக்கும் பட்டறையில் இருப்பார். பையன் பதினான்கு பதினைந்து வயதில் வேலைக்குப் போனால் வாடகைக்கு உதவும். படிக்க வைத்தால் அந்தச் சம்பளம் போகும். ஆகவே படிப்பில் ஓராண்டு குறைந்தது என்றால், வீட்டுக்கு ஓராண்டுச் சம்பளம் முன்கூட்டி வந்தது என்று பொருள். நம் பக்கத்தில் ‘டபுள் புரமோஷன்’ என்றால் பையன் கெட்டிக்காரன் என்பதற்கு அடையாளம், தெருவில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே அதற்கு அடுப்பங்கரைக் கணக்கும் இருந்தது. போதாததற்கு 1920களில் கொலம்பியா, ஹார்வர்டு போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கச் சேர்க்கை விதிகளை மாற்றிக்கொண்டிருந்தன. காசும் இல்லை, கதவும் பாதி சாத்தியிருக்கிறது என்ற நிலையில், மூன்றாண்டுப் பள்ளியும் இலவசக் கல்லூரியும் ஒரே கயிற்றில் கோத்திருந்தது சின்ன விஷயமல்ல.

பள்ளி சுகமானது என்று நினைத்துவிடாதீர்கள். பாடச்சுமை கடுமை. தாங்காமல் பாதியில் வேறு பள்ளிக்கு மாறிப்போனவர்கள் பலர். பெண்களுக்கு இடமே இல்லை. அவர்களுக்கு ஹன்டர் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளி இருந்தது, அது இன்றும் இருக்கிறது. ஹார்லெம் பக்கத்திலேயே இருந்தும் கறுப்பினப் பையன்கள் இங்கே குறைவு. பிற்பாடு ஹார்லெமிலிருந்து காங்கிரஸ் உறுப்பினரான ஆடம் கிளேட்டன் பவல் ஜூனியர் இங்கே படித்தவர்தான். ஆனால் சிட்டி காலேஜில் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை, வேறு கல்லூரிக்குப் போய்த்தான் பட்டம் வாங்கினார்.

ஒரு வகுப்பறைக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். முதல் உலகப் போருக்குச் சற்று முந்திய காலம். பையன்களை அகர வரிசைப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். ‘ஜி’ வரிசைக் கடைசியில், பின்னாளில் பாடலாசிரியரான ஐரா கெர்ஷ்வின். அடுத்த இடத்தில் ‘எச்’ வரிசைப் பையன் ஒருவன், பின்னாளில் யிப் ஹார்பர்க் என்று பெயர் பெற்றவன். அவன் பரம ஏழை, தெருவிளக்கு ஏற்றும் வேலை செய்து காசு சம்பாதித்தவன். கையில் ஆங்கிலக் கவிஞர் கில்பர்ட் எழுதிய நகைச்சுவைக் கவிதைப் புத்தகம் வைத்திருக்கிறான். அதைப் பார்த்த ஐரா, இதே ஆள் எழுதியவற்றுக்கு இசையும் உண்டே, தெரியாதா என்று கேட்கிறான். தெரியாது. ஐரா அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய் கிராமபோனில் கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த நாடகத்தைப் போட்டுக் காட்டுகிறான். அதுவரை வெறும் பாட்டு வரியாகப் படித்தது மெட்டோடு காதில் விழுந்ததும் ஹார்பர்க் சொக்கிப்போனான். பிறகு இருவரும் மாணவர் பத்திரிகையில் சேர்ந்து எழுதினார்கள். 1929 பங்குச் சந்தைச் சரிவில் ஹார்பர்க்கின் மின்சாதன வியாபாரம் மூழ்கியபோது, பாட்டெழுத வா என்று கையைப் பிடித்து இழுத்தவரும் ஐராதான். அதைத் தொடர்ந்த பெருமந்த காலத்தின் வேதனையைப் பாடிய ‘பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்?’ 1932இல் வந்தது. ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் வானவில் பாட்டு 1939இல் வந்தது. இரண்டுக்கும் வரிகள் ஹார்பர்க்குடையவை.

இதில் பள்ளியின் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், அகர வரிசை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது போதவில்லை. கில்பர்ட்டைப் படிக்கும் இரண்டு பையன்கள் தற்செயலாக அடுத்தடுத்து உட்கார வேண்டுமானால், அப்படிப் படிக்கிற பையன்கள் அந்த அறையில் நிறைய இருக்க வேண்டும். நகரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் சுரங்க ரயில் பிடித்து அவர்கள் ஒரே இடத்துக்கு வர வேண்டும். இதைத்தான் பிற்காலத்தில் அமெரிக்கர்கள் ‘மேக்னட்’ (காந்தம்) பள்ளி என்றார்கள். பெயர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே காரியம் நடந்துகொண்டிருந்தது.

முன்னாள் மாணவர் பட்டியல் எல்லாப் பள்ளி விழா மலரிலும் இருக்கும், அதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இந்தப் பள்ளியின் பட்டியல் அசர வைப்பது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க். இயற்பியலில் 1965இல் நோபல் பெற்ற ஜூலியன் ஷ்விங்கர். பொருளியலில் 1972இல் கென்னத் ஆரோ. கணிதம் படித்துவிட்டு 1985இல் வேதியியலுக்கான நோபலைப் பகிர்ந்துகொண்ட ஹெர்பர்ட் ஹாப்ட்மன். புலிட்சர் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் வூக். நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சன். நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்தால் இப்படிச் சிலர் கிடைக்கத்தான் செய்வார்கள், பெருமை தேர்வுக்கா பள்ளிக்கா என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஷ்விங்கரை எந்தப் பள்ளியில் போட்டிருந்தாலும் ஷ்விங்கராகத்தான் இருந்திருப்பார் என்று நானும் நினைக்கிறேன். சிட்டி காலேஜில் வகுப்புக்கே சரியாகப் போகாமல் நூலகத்தில் கிடந்தவர் அவர். ஆரோவின் கதை வேறு. பெருமந்தத்தில் அப்பாவின் தொழில் நொடித்து, குடும்பம் வறுமையில் விழுந்துவிட்டது. பதினெட்டு பத்தொன்பது வயதில், 1940இல், செலவில்லாமல் பட்டம் வாங்கி வெளியே வந்தார். சால்க் பதினைந்து வயதில் கல்லூரிக்குள் நுழைந்தவர். மேதையை உண்டாக்க எந்தப் பள்ளியாலும் முடியாது. மேதை சம்பாதிக்கப் போக வேண்டிய நாளுக்கு முன்னால் அவன் படிப்பை முடித்துக் கொடுக்க ஒரு பள்ளியால் முடியும்.

1930 வாக்கில் பள்ளி மேட்டிலிருந்து இறங்கி 23ஆம் தெருவுக்கே திரும்பியது. பழைய ஃப்ரீ அகாடமியை இடித்துவிட்டு அதே மனையில் கட்டிய அடுக்குமாடி அது. கல்லூரியின் வணிகத் துறையும் அங்கேதான். பள்ளிக்குச் சில மாடிகள் ஒதுக்கினார்கள். விளையாட்டுத் திடல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, ஏறி இறங்க லிஃப்ட் இருந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். மேக்னட் என்ற பெயரோடு 1980களில் மிசோரி மாநிலம் கன்சாஸ் சிட்டியில் பெரிய முயற்சி நடந்தது. நிறவேற்றுமையை ஒழிக்க வேண்டும், புறநகர் வெள்ளையர் பிள்ளைகளை ஈர்க்க வேண்டும் என்று ரஸ்ஸல் கிளார்க் என்ற நீதிபதி உத்தரவிட்டார். சுமார் 200 கோடி டாலர் கொட்டினார்கள். ஒரு பள்ளியில் ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு வெள்ளையர் பிள்ளைகள் வரவில்லை, மதிப்பெண்ணும் ஏறவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் கடிவாளம் போட்டது. 2010இல் அந்த நகரம் தன் பள்ளிகளில் ஏறத்தாழப் பாதியை மூட முடிவெடுத்தது. கட்டடத்தை வைத்து ஈர்ப்பது ஒரு வழி. 23ஆம் தெரு மாடியில் ஈர்த்தது கட்டடமல்ல, மூன்றாண்டுப் படிப்பும் இலவசக் கல்லூரியும்.

டவுன்சென்ட் ஹாரிஸ் பள்ளியை மூடியவர் யார் என்று கேட்பீர்கள். மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா. வில்லன் என்று தள்ளிவிட முடியாத ஆள். இசைக்கும் ஓவியத்துக்கும் 1936இல் தனி உயர்நிலைப் பள்ளி தொடங்கியவர் அவர், அதையும் சிட்டி காலேஜ் பக்கத்திலேயே தொடங்கினார். பிராங்க்ஸ் அறிவியல் பள்ளி 1938இல் வந்ததும் அவர் ஆட்சியில்தான். தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பதில் அவருக்கு வெறுப்பு இருந்ததாகச் சொல்ல இடமில்லை. போர்க்காலம், பட்ஜெட் நெருக்கடி. கல்லூரி ஆட்சிக்குழுவின் கீழே ஓர் உயர்நிலைப் பள்ளியை நகரம் தனியாகத் தாங்குவானேன் என்பது கணக்கு. பெற்றோரும் பழைய மாணவர்களும் எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. 1942இல் கடைசி வகுப்பு வெளியேறியது. மிச்சமிருந்த பையன்கள் நகரத்தின் மற்றப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

சிறிய செலவை வெட்டுகிறவர்கள் எப்போதும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்: இதே வேலையைச் செய்ய வேறு பள்ளிகள் இருக்கின்றனவே என்பார்கள். லா கார்டியாவின் நகரத்தில் ஸ்டைவசென்ட் இருந்தது, புரூக்ளின் டெக் இருந்தது. எல்லாம் நல்ல பள்ளிகள். எதிலும் மூன்றாண்டுத் திட்டமோ கல்லூரியோடு போட்ட முடிச்சோ இல்லை. பட்ஜெட் தாளில் டவுன்சென்ட் ஹாரிஸ் ஒரு பள்ளியாகத்தான் தெரியும், ஏற்பாடாகத் தெரியாது.

பழைய மாணவர்கள் விடவில்லை. நாற்பதாண்டு கூடிக் கூடிப் பேசினார்கள். பேரன் பேத்தி எடுத்த வயதில் நகரக் கல்வித் துறையின் கதவைத் தட்டி, 1984இல் குவீன்ஸ் பகுதியின் ஃபிளஷிங்கில் பள்ளியைத் திறக்க வைத்துவிட்டார்கள். இப்படிச் செத்த பள்ளியைப் பழைய மாணவர்கள் எழுப்பிய உதாரணம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. 1995இல் குவீன்ஸ் கல்லூரி வளாகத்தில் புதுக் கட்டடமும் வந்தது. பெண்களும் படிக்கிறார்கள், உண்மையில் இப்போது அவர்கள்தான் அதிகம். பண்டைய ஏதென்ஸ் இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியை மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நகரத்தின் முதல் வரிசைப் பள்ளிகளில் ஒன்று.

ஆனால் படிப்பு நான்காண்டு. சிட்டி காலேஜின் இலவசக் கல்வி, நகரம் திவாலாகும் நிலைக்குப் போன 1976இலேயே முடிந்துவிட்டது. ஆகவே பள்ளி திரும்பி வந்தபோது அதன் மறுமுனையில் கட்டியிருந்த கல்லூரி பழைய கல்லூரியாக இல்லை. பெயர் வந்தது, கண்டிப்பு வந்தது, கல்லூரி வளாகமும் பக்கத்தில் வந்தது. பழைய ஏற்பாட்டில் எஞ்சியது கடைசி ஆண்டு மாணவர்கள் குவீன்ஸ் கல்லூரிக்கு நடந்துபோய்ச் சில பாடங்கள் படிக்கிறார்களே, அது மட்டும்தான். மேட்டுமேல் இருந்த பழைய டவுன்சென்ட் ஹாரிஸ் ஹாலில் இப்போது நகரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி நடக்கிறது. அந்த மருத்துவப் பள்ளியில், உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகளை நேரே எடுத்துக்கொண்டு, பட்டமும் மருத்துவமும் சேர்த்து ஏழாண்டில் முடித்துக் கொடுக்கிறார்கள். வழக்கமாக அமெரிக்காவில் இதற்கு எட்டாண்டு.